தப்பி வந்த பிறகு

நிஜாம் ராஜ்ஜியத்தின் தலைநகரான ஹைதராபாத்திலிருந்து அரசின் ஆதரவில் ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ என்றொரு ஆங்கிலக் காலாண்டிதழ் வந்துகொண்டிருந்தது. 1930களின் பிற்பகுதியில் அதன் ஆசிரியராக இருந்தவர் முகம்மது அசத். பிறந்தபோது வைத்த பெயர் லியோபோல்ட் வைஸ். இன்று உக்ரைனில் லிவீவ் எனப்படும் லெம்பர்க் நகரில் 1900இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தாத்தா யூத மதகுரு. 1926இல் பெர்லினில் இஸ்லாத்தைத் தழுவினார். சில ஆண்டுகள் அரேபியாவில் வாழ்ந்துவிட்டு 1932இல் இந்தியா வந்தார்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தபோது அசத்தின் தந்தையும் சகோதரியும் வியன்னாவில் இருந்தார்கள். மதம் மாறிய மகன் ஹைதராபாத்தில் இருப்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. அவர்களை வெளியே கொண்டுவர அசத் முயன்றார், முடியவில்லை. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் பிரிட்டிஷ் இந்திய அரசு அவரையே கைது செய்தது. ஆஸ்திரியப் பிரஜை என்பதால் எதிரி நாட்டவர் என்ற கணக்கு. அவர் அடைக்கப்பட்ட முகாம்களில் நாஜிக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள், நாஜிகளுக்குத் தப்பி வந்தவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வேலி. 1945 ஆகஸ்டில்தான் அசத் வெளியே வந்தார். அதற்குள் தந்தையும் சகோதரியும் வியன்னாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு நாஜி முகாம்களில் மாண்டுபோயிருந்தார்கள்.

நாஜிகளுக்குத் தப்பி இந்தியாவுக்கு வந்தவர்கள் பலர். அகில இந்திய வானொலியின் காலை முத்திரை இசையை அமைத்த வால்டர் காஃப்மன் 1934இல் பம்பாய் வந்த யூதர். மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞரான ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் பெர்லினிலிருந்து துரத்தப்பட்டவர். சுதந்திரத்துக்குப் பின் பிரிவினை அகதிகளுக்கு வீடு கட்டும் வேலையை நேரு அரசு அவரிடம் கொடுத்தது. தப்பி வந்தவர்கள் அரசுக்குச் சுமையாக மாட்டார்கள் என்று உறுதி கொடுத்து உதவ, பம்பாயில் 1934இலேயே யூத நிவாரணச் சங்கம் தொடங்கப்பட்டது.

கோனிக்ஸ்பெர்கரின் உறவினர் மாக்ஸ் பார்ன். யூதர் என்பதால் 1933இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பதவியை இழந்த இயற்பியலாளர். அவரை சி.வி. ராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்தார். 1935-36இல் சில மாதங்கள் அங்கே இருந்தார். அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தர ராமன் முயன்றபோது, கூட்டத்தில் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்து விரட்டப்பட்ட இரண்டாந்தர வெளிநாட்டவர் நமக்குப் போதாது என்ற பொருளில் பேசினார். அன்று வீடு திரும்பி மனைவியின் முன் அழுததாக பார்னே பின்னர் எழுதியிருக்கிறார். 1954இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது வேறு கதை. எனக்கு முக்கியமாகப் படுவது, விரட்டப்பட்டவன் என்பதே அவருடைய தகுதிக்குறைவாக எண்ணப்பட்டது என்பதுதான். கொடுமை செய்தவன் ஜெர்மனியில் இருந்தான். அந்தக் கொடுமையைக் காரணம் காட்டி இன்னொருவர் பெங்களூரில் கதவைச் சாத்தினார்.

யூத இனப்படுகொலையைப் பற்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் 1945இல் நின்றுவிடுகிறார்கள். 60 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், முகாம்கள் திறக்கப்பட்டன, மிஞ்சியவர்கள் பிழைத்தார்கள் என்று கதை முடிகிறது. உண்மை அப்படி இல்லை. பெர்கன்-பெல்சன் முகாமை பிரிட்டிஷ் படை 1945 ஏப்ரல் 15 அன்று மீட்டது. மீட்கப்பட்ட பிறகு அங்கே 13,000க்கும் மேற்பட்டோர் டைஃபஸ் காய்ச்சலாலும் பட்டினியின் விளைவாலும் இறந்தார்கள். வற்றிப்போன உடல் திடீரென்று வந்த சாப்பாட்டைத் தாங்கவில்லை. போலந்தில் ஊர் திரும்பியவர்கள் தங்கள் வீட்டில் வேறு குடும்பம் குடியிருப்பதைப் பார்த்தார்கள். 1946 ஜூலை 4 அன்று கியெல்செ நகரில் கூட்டம் தாக்கியதில் 42 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஹிட்லர் செத்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. போக இடமில்லாதவர்கள் ஜெர்மனி மண்ணிலேயே அகதி முகாம்களில் தங்கினார்கள். அவற்றில் ஃபோரன்வால்ட் என்ற முகாம் 1957 வரை மூடப்படவில்லை.

அடுத்து வந்தது இழப்பீடு. மேற்கு ஜெர்மனி 1956இல் இயற்றிய சட்டப்படி, உடல்நலக் கேட்டுக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் வேலை செய்யும் திறனில் குறைந்தது 25 சதவீதம் துன்புறுத்தலால் போய்விட்டது என்று மருத்துவர் சான்று தர வேண்டும். அன்றைய ஜெர்மன் மனநல மருத்துவத்தின் பொதுக் கருத்து, காரணம் நீங்கினால் மன அதிர்ச்சியும் நீங்கிவிடும் என்பது. போர் முடிந்து பத்து வருடமாகியும் ஒருவர் தூக்கமின்றி, பயந்து, வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் அது அவருடைய பிறவிக் குணம், முகாமின் விளைவு அல்ல என்று பலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். குழந்தையைப் பறிகொடுத்த தாய் தன் துயரம் இயல்பானது என்று மருத்துவரிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது.

இதை எதிர்த்து எழுதியவர் குர்ட் ஐஸ்லர். வியன்னாவிலிருந்து தப்பி அமெரிக்கா சென்ற மனநல மருத்துவர். எத்தனை குழந்தைகள் கொல்லப்பட்டதை எந்த அறிகுறியும் இல்லாமல் தாங்கினால் ஒருவரை இயல்பானவர் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று 1963இல் தன் கட்டுரையின் தலைப்பிலேயே கேட்டார். அதே காலத்தில் வில்லியம் நீடர்லண்ட், இப்படித் தப்பியவர்களிடம் காணும் தூக்கமின்மை, கெட்ட கனவு, ஓயாத பதற்றம், தான் மட்டும் பிழைத்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு ஆகியவற்றைத் தொகுத்து, தப்பியவர் நோய்த்தொகுதி என்று பெயரிட்டார். முகாம் வாழ்க்கை மனதிலும் மூளையிலும் விட்டுச்சென்ற பாதிப்பை, தானே ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட லியோ ஐட்டிங்கர் நார்வேயில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இன்று பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோய் என்று மருத்துவம் ஏற்றுக்கொண்டதன் பின்னால் இந்த வாதங்களும் இருக்கின்றன.

உடலில் என்ன நடந்தது? இஸ்ரேலில் 2009இல் வெளியான பெரிய ஆய்வொன்று, போர்க்காலத்தை ஐரோப்பாவில் கழித்தவர்களிடம் புற்றுநோய் அதிகம் என்று காட்டியது. 2019இல் வந்த மற்றொரு இஸ்ரேலிய ஆய்வில் தப்பியவர்களுக்கு நாட்பட்ட நோய்கள் கூடுதலாக இருந்தன. ஆனாலும் அவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிட நீண்டகாலம் வாழ்ந்திருந்தார்கள். அந்த நரகத்தைத் தாண்டியதே ஓரளவு வலுவான உடல்கள்தான் என்பது ஒரு விளக்கம். பிள்ளைகளின் மரபணுச் செயல்பாட்டிலேயே பெற்றோரின் அதிர்ச்சி பதிகிறது என்று நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். 2015இல் ரேச்சல் யெகூடா குழு வெளியிட்ட அந்த ஆய்வில் தப்பியவர்கள் 32 பேர், பிள்ளைகள் 22 பேர் மட்டுமே. அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் யாரும் பேசாத மௌனமும், இறந்துபோனவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்து அந்தப் பாரத்தோடு வளர்ப்பதும் எந்த மரபணுவும் இல்லாமலே அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேரும்.

முதுமையில் இன்னொரு சோதனை. மறதி நோய் வரும்போது அண்மை நினைவுகள் முதலில் உதிர்கின்றன, பழையவை நிற்கின்றன. முகாம்களிலிருந்து தப்பியவர்களில் சிலர், குளிப்பாட்டக் கூட்டிப்போனால் ஷவரைக் கண்டு அலறுவார்கள். தட்டில் வைத்த ரொட்டியைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பார்கள். வெள்ளைக் கோட்டு, நாய் குரைப்பு, வரிசையில் நிற்பது எல்லாமே அச்சம் தரும். இதனால் இவர்களைப் பராமரிப்போருக்குத் தனிப் பயிற்சி தருகிறார்கள். இழப்பீட்டுக்காக 1951இல் அமைக்கப்பட்ட யூதக் கோரிக்கை மாநாட்டின் கணக்குப்படி, 2024 தொடக்கத்தில் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் தப்பியவர்கள் சுமார் 2,45,000 பேர் உயிரோடு இருந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் இஸ்ரேலில். பெரும்பாலோர் அன்று குழந்தைகள்.

தமிழ் வாசகருக்கு இது தூரத்துக் கதை இல்லை. யாழ்ப்பாணத்தில் இலங்கைப் போர்க்காலத்திலேயே மனநல மருத்துவம் பார்த்த தயா சோமசுந்தரம், காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து நொறுங்குகின்றன என்று தொடர்ந்து எழுதிவருகிறார். அந்தப் போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் பிள்ளையின் முடிவு தெரியாமலே இறந்துவிட்டார்கள். ஐரோப்பாவில் நாஜிகள் விட்டுச்சென்ற ஆவணங்களைச் சேர்த்து ஜெர்மனியின் பாட் அரோல்சன் நகரில் ஒரு காப்பகம் உண்டு. இன்றும் குடும்பங்கள் அங்கே எழுதிப் பெயர் தேடுகின்றன. நம் தாய்மாருக்கு அப்படிக் கதவைத் தட்ட ஓர் இடம் வேண்டும்.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்தவர்களின் முகாம்களுக்கு 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். நல்லது. முகாமில் பிறந்தவர்களுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். குடியுரிமை மட்டும் பலருக்கு இன்னும் இல்லை. அவர்களில் ஒருவர் உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ வந்து நின்றால், பட்டதை நிரூபிக்கச் சொல்லாதீர்கள். வந்த வேலையை முடித்துக்கொடுங்கள்.