விருந்தாக வரும் உறவும் விதிமுறையும்

கோலா சாவா தோட்டத்துத் திருமணத்திற்குத் தமிழ்நாட்டிலிருந்து மாமா வருகிறாரா? இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசா விலக்கு உண்டு. 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்ட இச்சலுகையில் 30 நாள் வரை தங்கலாம். கடப்பிதழ் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் பயணச்சீட்டும் தேவை. வருகைக்கு முந்திய 3 நாள்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை இலவசமாகவே நிரப்பலாம்.

சுற்றிப் பார்க்கலாம், வணிகம் பேசலாம். சம்பளத்திற்கு வேலை செய்யக்கூடாது. "கடையில் ஆள் இல்லை, கொஞ்ச நாள் கூடமாட நில்லுங்கள்" என்ற அன்பான அழைப்புதான் ஆபத்து. நாள் கடந்து தங்கினால் 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்வது படித்த நம் கடமையன்றோ?