32,000 ரூபாய் ஹாப், 20,650 ரூபாய் ஏஎம்சி: என் கிச்சன்ல நானே போட்ட தப்புக் கணக்கு

மாடுலர் கிச்சன் லோன் வீடியோவுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "கிச்சன் முடிஞ்சுது சார். கிரானைட்ல பதிக்கிற கண்ணாடி ஹாப் வாங்கியாச்சு. வாரண்டி முடியப் போகுது, ஏஎம்சி போடச் சொல்லி தினம் போன் வருது. போடலாமா?"

நான் போட்டவன். அதனால என் கணக்கையே காட்டிடறேன்.

ஹாப் விலை 32,000 ரூபாய். நாலு பர்னர், பித்தளை. முதல் வருஷம் வாரண்டி. அடுத்து ஏஎம்சி வருஷத்துக்கு 3,500, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 630, ஆக 4,130. மாசக் கணக்குல 350 ரூபாய்கூட இல்லையேன்னு கையெழுத்து போட்டேன். ஊருக்கெல்லாம் இஎம்ஐ கணக்கு சொல்லித் தர்றவன், இதை அஞ்சால பெருக்கிப் பார்க்கல. அஞ்சு வருஷத்துக்கு 20,650. அடுப்போட விலையில கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு!

ரெண்டு வருஷம் கட்டினேன். ரெண்டாவது வருஷம் ஒரு நாள் எந்த பர்னரும் தானா பத்திக்கல. வந்த டெக்னீஷியன் ரெண்டே நிமிஷத்துல "இக்னிஷன் மாட்யூல் போயிடுச்சு சார்"னு சொன்னார். ஏஎம்சி இருக்கேன்னு கேட்டா, அது லேபருக்கு மட்டும்தானாம், பார்ட்ஸுக்குக் கிடையாதாம். மாட்யூல் 2,400, ஜிஎஸ்டியோட 2,832. கொடுத்தேன். ஏஎம்சியை அதோட நிறுத்தினேன்.

அடுத்த வருஷம் அதே பிரச்சினை. இந்தத் தடவை யாரையும் கூப்பிடறதுக்கு முன்னாடி மேனுவலைப் படிச்சேன். ஹாப்புக்கு அடியில ஒரு சின்ன பெட்டிக்குள்ள ஒரே ஒரு பெரிய பேட்டரி. சுவர்க் கடிகாரத்துல போடறதைவிட குண்டு சைஸ். மாத்தினேன், நாலு பர்னரும் பத்திக்கிச்சு. அப்போ போன தடவையும் பேட்டரிதானா? நிரூபிக்க முடியாது. கழட்டின மாட்யூலை அவர் எடுத்துட்டுப் போயிட்டார், நானும் கேட்டு வாங்கல. இப்போ எந்த மெக்கானிக் எந்தப் பொருளைக் கழட்டினாலும் "பழசை இங்கேயே வெச்சிட்டுப் போங்க"ன்னு முதல்லயே சொல்லிடறேன்.

சரி, ஹாப்ல எது நம்ம வேலை, எது மெக்கானிக் வேலை? காசு மிச்சமாகறதும் உயிருக்கு ஆபத்து வர்றதும் இந்தக் கோட்டைப் பொறுத்துதான். அதனால கொஞ்சம் விரிவா பார்ப்போம்.

பெரும்பாலான ஹாப்ல எல்லா பர்னருக்கும் பொறி கொடுக்கிறது ஒரே மாட்யூல்தான். ஒரு நாப்பை அழுத்தினா நாலு பர்னர்லயும் டிக் டிக்னு பொறி வரும். எதுலயுமே வரலைன்னா முதல்ல பேட்டரியைப் பாருங்க. கரண்ட்ல ஓடற மாடல்னா பிளக்கைப் பாருங்க. மாட்யூல் அதுக்கு அப்புறம்தான். ஒண்ணுல மட்டும் வரலைன்னா அந்த பர்னர் பக்கத்துல இருக்கிற சின்ன வெள்ளைப் பீங்கான் குச்சி ஈரமா இருக்கும், இல்ல எண்ணெய்ப் பிசுக்கு பிடிச்சிருக்கும். பால் பொங்கின மறுநாள் இப்படி ஆகும். துணியால துடைச்சு காய விட்டா சரியாகிடும். பீங்கான்ல விரிசல் விழுந்திருந்தாதான் மாத்தணும். கையை எடுத்த பிறகும் டிக் டிக் நிக்கலைன்னா, நாப்புக்கு அடியில இருக்கிற சுவிட்சுல தண்ணி இறங்கியிருக்கும். பேட்டரியைக் கழட்டிட்டு ஒரு நாள் காய விடுங்க. அந்த ஒரு நாள் பொறுமைதான் ஒரு விசிட் சார்ஜ்.

அடுத்து தீ மஞ்சளா எரியறது, பாத்திரம் அடியில கரி பிடிக்கிறது. கேஸோட கலக்க வேண்டிய காத்து சரியா கலக்கலைன்னு அர்த்தம். கேஸும் வீணாகுது. பாதி நேரம் கழுவின பிறகு பர்னர் மூடியைச் சாய்வா வெச்சிருப்போம், அவ்வளவுதான். இல்லைன்னா ஓட்டை அடைச்சிருக்கும். பித்தளை பர்னர்னா பாட்டி குத்துவிளக்குக்குப் பண்ற அதே புளித்தண்ணி வைத்தியம் போதும். கொஞ்ச நேரம் ஊற வெச்சுத் தேச்சு, சோப்புத் தண்ணியில கழுவி, ஓட்டைகளை ஊசியால குத்தி, முழுசா காய வெச்சு மாட்டுங்க. அலுமினியம் பர்னரைப் புளியிலயோ சோடாவுலயோ போடாதீங்க, கறுத்துடும்.

ஊசி இந்த பர்னர் ஓட்டையோட நிக்கணும். பர்னரைத் தூக்கினா கீழே நடுவுல ஒரு சின்ன பித்தளை ஜெட் தெரியும். அதுல ஊசியை விடாதீங்க. அந்த ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கொஞ்சம் அகலமானாலும் கேஸ் வரத்தே மாறிடும். ஜெட், வால்வு, பைப் மூணும் மெக்கானிக் வேலை. சிலிண்டர்ல இருந்து குழாய் கேஸ் வீட்டுக்குக் குடி போறவங்களும் ஜெட்டை மாத்தித்தான் ஆகணும். ரெண்டு கேஸுக்கும் ஒரே ஜெட் ஒத்து வராது.

இப்போ முக்கியமான விஷயம். விலை கூடின ஹாப்கள்ல எஃப்எஃப்டின்னு ஒரு வசதி இருக்கும். காத்துல தீ அணைஞ்சாலோ, பால் பொங்கி அணைஞ்சாலோ, கேஸ் தானா நின்னுடும். பர்னர் ஓரத்துல தீயில படற மாதிரி ஒரு உலோக முனை இருக்கு பாருங்க, அதுதான் தெர்மோகப்பிள். சூடானா அதுல ரொம்பக் குறைச்சலான மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரம்தான் ஒரு குட்டி காந்தத்தை வெச்சு வால்வைத் திறந்து பிடிச்சிருக்கு. தீ அணைஞ்சா முனை ஆறும், காந்தம் விடும், வால்வு மூடிக்கும். பத்த வெச்ச பிறகு நாப்பைச் சில நொடி அழுத்திப் பிடிக்கச் சொல்றது இதனாலதான்.

கையை எடுத்ததும் தீ அணையுதுன்னா பெரும்பாலும் அந்த முனையில அழுக்கு, இல்ல அது நகர்ந்து தீயில படாம இருக்கு. மெதுவா துடைச்சுப் பாருங்க. அப்பவும் நிக்கலைன்னா தெர்மோகப்பிளை மாத்தணும்.

போன வருஷம் எங்க அம்மா வீட்டு ஹாப்ல இதேதான். பக்கத்துல இருந்த ஒரு மெக்கானிக் வந்து, "பார்ட் வர பத்து நாள் ஆகும்மா. 300 ரூபாய் கொடுங்க, அந்த செட்டப்பையே எடுத்து விட்டுடறேன். அப்புறம் தொல்லையே இருக்காது"ன்னு சொல்லியிருக்கார். அம்மா சரின்னு சொல்லிட்டு, நல்ல வேளையா எனக்கு போன் பண்ணினாங்க. "வேண்டாம்மா, அவரை அனுப்பி வெச்சிடுங்க"ன்னு சொன்னேன். அம்மாவுக்கு 64 வயசு. அடுப்புல சாம்பாரை வெச்சிட்டு ஹால்ல சீரியல் பார்க்கிறவங்க. அந்த வீட்டு ஹாப்ல நான் காசு கொடுத்து வாங்கின ஒரே உருப்படியான வசதி அதுதான், அதைக் கழட்ட 300 ரூபாய்! பத்து நாள் அந்த ஒரு பர்னரை மட்டும் தொடாம மத்ததுல சமைச்சாங்க. பார்ட்டும் கூலியும் சேர்த்து 1,100 ஆச்சு.

எல்பிஜி காத்தைவிட கனம். கசிஞ்சா மேலே போகாது, தரையோரமா தேங்கும். மாடுலர் கிச்சன்ல ஹாப்புக்குக் கீழே நாலு பக்கமும் அடைச்ச கேபினெட் இருக்கே, அதுக்குள்ளதான் போய் நிக்கும். அந்தக் கேபினெட்ல காத்து போக வழி இல்லைன்னா இன்னைக்கே கார்பெண்டரைக் கூப்பிடுங்க. கேஸ் ட்யூப்ல தேதி அச்சிட்டிருக்கும், சுரக்ஷா ட்யூபுக்கு ஆயுசு 5 வருஷம். இணைப்புல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, குமிழி வந்தா கசிவு. வாடை அடிச்சா சுவிட்சைத் தொடாம ரெகுலேட்டரை மூடிட்டு, ஜன்னலைத் திறந்துட்டு, வெளியே வந்து 1906-க்கு போன் பண்ணுங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். ஏஎம்சி நிறுத்தின மூணு வருஷத்துல என் செலவு: ரெண்டு தெர்மோகப்பிள் விசிட்டோட 1,500, ஒரு நாப் 350, பேட்டரி எல்லாம் சேர்த்து 2,100-க்குள்ள. ஏஎம்சி கட்டின ரெண்டு வருஷத்துல 8,260-ம் மாட்யூல் 2,832-ம் சேர்ந்து 11,092. ஏஎம்சின்னாலே ஏமாத்துன்னு சொல்ல வரல. பார்ட்ஸும் சேர்ந்து, விசிட்டுக்கு வரம்பு இல்லாம, விலையும் நியாயமா இருந்தா, வேலைக்குப் போற தம்பதிக்கு உபயோகப்படலாம். ஆனா கையெழுத்துக்கு முன்னாடி "எதெல்லாம் சேராது"ங்கிற பகுதியைப் படிங்க. கண்ணாடியும் பர்னரும் அந்த லிஸ்ட்ல இருந்தா, நீங்க கட்டறது துடைக்கிற கூலிதான்.

அதுக்குப் பதிலா நான் பண்றது ஆபீஸ்ல எல்லா மெஷினுக்கும் போடற தேய்மானக் கணக்கு. 32,000 ரூபாய் ஹாப் 10 வருஷம் ஓடும்னு வெச்சுக்கிட்டா வருஷத்துக்கு 3,200, மாசம் 270 ரூபாய் ஆர்டி. ரிப்பேரா, புதுசான்னு முடிவெடுக்கவும் இதே கணக்குதான். ஆறு வருஷம் ஆச்சுன்னா மீதி மதிப்பு 12,800. கண்ணாடி மாத்த 7,500 கேட்டா மாத்தலாம். எட்டாவது வருஷம் மீதி 6,400 இருக்கும்போது 14,000 கேட்டா புதுசு வாங்கறதுதான் சரி. ஒரே ஒரு சிக்கல், புது ஹாப் உங்க கிரானைட் கட்-அவுட்ல உக்காரணும். ஓட்டையைப் பெருசாக்கலாம், சின்னதாக்க முடியாது. கட்-அவுட் நீள அகலத்தை இப்பவே போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க.

பில் விஷயம். ஜிஎஸ்டி சேர்த்து வாங்கறவர் தன்னோட ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் கொடுத்தே ஆகணும். நம்பர் இல்லாதவர் ஜிஎஸ்டின்னு தனியா ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வாரண்டிக்குள்ள இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சில கம்பெனிகளோட மேனுவல், சர்வீஸ் விவரமெல்லாம் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச ரைட் டு ரிப்பேர் போர்ட்டல்ல இருக்கு.

ஒரு வரி கேள்விக்கும் பதில்: வாடகைக்கு விட்ட ஃபிளாட்ல ஹாப் ரிப்பேர் பண்ணினா தனியா கழிக்க முடியாது. வாடகை வருமானத்துல கிடைக்கிற 30% கழிவுக்குள்ளயே அதுவும் அடங்கிடுது, நீங்க செலவே பண்ணாட்டியும் அது உண்டு. வாடகைக்கு இருக்கறவங்க, ஹாப் ரிப்பேர் யார் செலவுன்னு அக்ரிமெண்ட்லயே ஒரு வரி எழுதச் சொல்லுங்க.

சிம்னி ஏஎம்சி கணக்கு வேற மாதிரி. அதை அடுத்த வாரம் வீடியோல பார்ப்போம்.