உடலும் உரையாடும்

இருவர் உரையாடுவதைச் சற்றே எட்ட நின்று நோக்குவோமாயின் ஒரு புதுமையைக் காண்போம். ஒருவர் கைகட்டினால் சிறிது நேரத்தில் மற்றவரும் கைகட்டிக்கொள்வார். ஒருவர் முன்னே சாய்ந்தால் மற்றவரும் சாய்வார். ஏன் அவ்வாறு செய்தீர் என வினவினால், "நானா செய்தேன்?" என்பதே விடையாகும்.

இவ்வியல்பை அறிஞர் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுள்ளனர். கயிற்றின்மீது ஆடுபவனைப் பார்த்து நிற்கும் மக்கள், அவன் உடல் வளையுந்தோறும் தாமும் வளைந்து நெளிகின்றனர் எனப் பொருளியலறிஞர் அடம் சிமித் 1759ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

1999இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்து உளநூலறிஞர்களான தான்யா சார்ட்ராண்ட், ஜோன் பார்ஜ் ஆகிய இருவரும் இதனைச் சோதனைமூலம் நிறுவினர். படங்களைப் பற்றி உரையாடுமாறு சிலரை அழைத்து, அவர்களெதிரே தம் உதவியாளரை இருத்தினர். உதவியாளர் ஒருவர் முகத்தைத் தடவ, எதிரே இருந்தவர்களும் தம் முகத்தை மிகுதியாகத் தடவினர். வேறொருவர் காலை ஆட்ட, அவர்களும் காலை ஆட்டினர். தாம் பின்பற்றியதை அவர்கள் அறிந்திலர். மற்றொரு சோதனையில் உதவியாளர், வந்தவரின் அசைவுகளை மெல்லப் பின்பற்றினார். அவ்வாறு பின்பற்றப்பட்டோர் அவரைக் கூடுதலாக விரும்பினர். பிறர் நிலையில் தம்மை வைத்து எண்ணும் வழக்கமுடையோரே பிறரை மிகுதியாகப் பின்பற்றுகின்றனர் என்பதும் புலனாயிற்று. இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பச்சோந்தி விளைவு'. நம் பேச்சு வழக்கிற் பச்சோந்தி என்பது கொள்கை மாறுபவனைக் குறிக்கும். இங்கோ வஞ்சனை ஏதுமில்லை.

ஆயின் இதனை ஓர் உத்தியாகவும் கையாளலாம். உணவுச்சாலையில் விருந்தினர் கேட்டதை அவர் சொற்களாலேயே திருப்பிக் கூறிய பரிசாரகிக்குக் கூடுதலான இனாம் கிடைத்தது என, 2003இல் வெளிவந்த ஒல்லாந்து நாட்டு ஆய்வொன்று காட்டிற்று.

அங்ஙனமாயின், நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் மாணவர் எதிரே இருப்பவரின் அசைவுகளைப் பார்த்துச் செய்தல் நன்றோ? அன்று. பின்பற்றுதல் வெளிப்பட்ட கணமே அது பழிப்புக் காட்டுதலாகிவிடும். வகுப்பறையில் ஆசிரியரைப் போல் நடந்து காட்டிய எந்த மாணவனும் இதனை நன்கறிவான்.

நாம் கற்கவேண்டியது நடிப்பன்று, கவனமே. பாடசாலை விட்டு வந்த பிள்ளை அன்று நிகழ்ந்ததை ஆவலோடு கூறுகின்றது. நாமோ கைத்தொலைபேசியில் விழி பதித்து "ம்" கொட்டுகின்றோம். காணாத முகத்தின் மகிழ்ச்சி நம் முகத்தில் எங்ஙனம் தோன்றும்? பிள்ளை பேசும்போது தலைநிமிர்ந்து அதன் முகத்தைப் பார்ப்போம். எஞ்சியதை நம் உடல் தானே செய்துகொள்ளும்.