உள்ளாட்சியும் ஊர்ப்பொருளும்: கல்வராயன் மலை முதல் பர்மிங்காம் வரை

தோற்றுவாய்

பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைத் தொகுத்தல், தொகுத்ததைக் காத்தல், காத்ததை முறையறிந்து பகுத்தளித்தல் என்னும் நான்கிலும் வல்லதே அரசு என்பது வள்ளுவர் காட்டும் இலக்கணம். பேரரசுக்கு உரைக்கப்பட்ட இவ்விலக்கணம் சிற்றூர் மன்றத்திற்கும் பொருந்தும். ஆயினும் இன்றைய உள்ளாட்சி மன்றங்களை நோக்கினால், இந்நான்கனுள் இறுதியில் நிற்கும் பகுத்தளித்தல் ஒன்றே பெரும்பாலும் அவற்றிடம் விடப்பட்டிருப்பதைக் காணலாம். பொருள் வரும் வழியை வகுப்பவர் ஒருவர். அதனைத் தொகுத்து வைத்திருப்பவர் மற்றொருவர். இல்லை என்ற சொல்லை மக்களிடம் கூறவேண்டியவர் மட்டும் ஊராட்சித் தலைவர்.

தெருவிளக்கு எரியாவிடின் ஊராட்சியைக் குறை கூறுகின்றோம். குழாயில் நீர் வாராவிடின் குடங்களுடன் சாலையில் அமர்கின்றோம். குறைகளைக் கேட்பது குடிமக்களின் உரிமையே. ஆனால் அவ்விளக்கை எரிக்கும் பணம் எங்கிருந்து வருகின்றது, அதன் அளவை முடிவு செய்பவர் யார் என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. அவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழ் நாட்டில் ஊர்க்கணக்கு

ஊராட்சி என்பது நமக்கு வெளியிலிருந்து வந்த பொருளன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்த செய்தியைக் கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பணிக்கேற்ற குழுக்கள் இருந்தன. பொறுப்பில் இருந்தபோது கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் பொறுப்பேற்கத் தகுதியற்றோர் என்பது அன்றைய விதி. நிலமுடையோர் மட்டுமே பங்கேற்ற அவை அது என்னும் குறை உண்டு. எனினும் ஊர்ப்பொருளும் ஊர்க்கணக்கும் பிரிக்க முடியாதவை என்னும் தெளிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

இக்காலத்து உள்ளாட்சிக்கு அடித்தளமிட்டது 1882-ஆம் ஆண்டின் ரிப்பன் பிரபு தீர்மானம் ஆகும். அதன்வழி 1884-இல் சென்னை மாகாணத்தில் தல வாரியச் சட்டம் பிறந்தது. விடுதலைக்குப் பின் 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களை உருவாக்கியது. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், மாநில நிதி ஆணையம், மாநிலத் தேர்தல் ஆணையம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. குடிநீர், சாலை, கல்வி, நலவாழ்வு முதலிய 29 துறைகளை ஊராட்சிகளுக்கு வழங்கலாம் எனப் பதினோராம் அட்டவணை பட்டியலிட்டது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. துறைகளின் பட்டியல் நீண்டது. அதற்கேற்ற பணமும் உடன் வந்ததா என்பதே வினா.

ஊராட்சிக்குப் பொருள் வரும் வழிகள்

ஊராட்சியின் வருவாயை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, அது தானே திரட்டும் சொந்த வருவாய். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் ஆகியன இதனுள் அடங்கும். இரண்டாவது, அரசு வசூலித்து ஊராட்சிக்குப் பகிர்ந்தளிக்கும் வருவாய். நிலம் கைமாறும்போது பெறப்படும் முத்திரைத்தாள் மேல்வரியும், கல், மண் முதலிய சிறு கனிமங்களின் தீர்வையும் இவ்வகையின. மூன்றாவது, மாநில நிதி ஆணையமும் நடுவண் நிதி ஆணையமும் பரிந்துரைக்கும் மானியம். தமிழக அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்திற்குமாகப் பகிர்ந்தளிக்கும் முறை நெடுங்காலமாக இருந்து வருகின்றது.

இவற்றுள் முதல் வகையே தன்னுரிமையானது. அதற்கும் மேலிருந்து வரம்பு கட்டப்பட்டுள்ளது. சான்றாக, ஒருவரிடம் ஆண்டுக்குப் பெறத்தக்க தொழில் வரியின் உச்ச அளவு ரூ.2,500 என அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு கூறுகின்றது. 1988-இல் வகுக்கப்பட்ட அவ்வரம்பு மாறவே இல்லை. அன்றைய 2,500 ரூபாயின் வாங்கும் ஆற்றல் என்ன, இன்றைய 2,500 ரூபாயின் ஆற்றல் என்ன என்பதை இல்லத்தரசியரே நன்கறிவர்.

செலவோ ஆண்டுதோறும் ஏறுகின்றது. தெருவிளக்குக்கும் நீரேற்றும் மோட்டாருக்கும் மின் கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்குக் குடிநீர் வாரியக் கட்டணம், மேல்நிலைத் தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் ஊதியம் ஆகியவை தவிர்க்க இயலாதவை. மின் கட்டணத்திற்கும் குடிநீர் வாரியக் கட்டணத்திற்கும் எனத் தனி வங்கிக் கணக்கையே ஊராட்சிகள் வைத்திருந்தமை இச்செலவுகளின் பளுவை உணர்த்தும்.

மலையும் சமவெளியும்

இனி நம் மாவட்டத்தை நோக்குவோம். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் தொடங்கப்பெற்றது. இதன்கண் 9 ஊராட்சி ஒன்றியங்களும் 412 ஊராட்சிகளும் அமைந்தன. அவற்றுள் வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை ஒன்றியம் 15 ஊராட்சிகளை உடையது. அங்கு வாழ்வோருள் மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர்.

நெடுஞ்சாலையை ஒட்டிய சமவெளி ஊராட்சியில் மனைகள் விற்கப்படுகின்றன; கடைகளும் அரிசி ஆலைகளும் எழுகின்றன. எனவே மேல்வரியும் தொழில் வரியும் உரிமக் கட்டணமும் ஓரளவு வருகின்றன. மலையில் நிலை வேறு. அங்குள்ள நிலங்கள் நெடுங்காலம் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தன. 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தன. பட்டா பெறாத குடும்பங்கள் பல. நிலம் விலைக்குக் கைமாறாத இடத்தில் முத்திரைத்தாள் மேல்வரி ஏது? மாத ஊதியம் பெறுவோர் அரிதாயுள்ள ஊரில் தொழில் வரி எவ்வளவு திரளும்? சாமையும் மரவள்ளியும் விளைவிப்போரின் சிறு வீடுகள் தரும் வீட்டு வரி மிகச் சிறிது.

வருவாய் குறைந்த அவ்விடத்தில்தான் செலவு மிகுகின்றது. சமவெளியில் ஓரிடத்தே கூடிநிற்கும் ஆயிரம் பேருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி போதும். மலையில் அதே ஆயிரம் பேர் பல குக்கிராமங்களில் சிதறி வாழ்கின்றனர். ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே கிணறும் குழாயும் கம்பமும் பாதையும் வேண்டும். பாதை காப்புக்காட்டின் ஊடே செல்லுமாயின், 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி இசைவும் பெறவேண்டும். மானியப் பகிர்வில் மக்கள்தொகைக்கே முதலிடம் தரப்படுவதால், தலைகளின் எண்ணிக்கை சிறிதாயும் தொலைவு பெரிதாயும் உள்ள மலை ஊராட்சிக்கு அது போதுமானதாக அமைவதில்லை.

தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் எவையும் அறிவிக்கப்படவில்லை. ஆதலின் அப்பகுதிகளுக்கென 1996-இல் இயற்றப்பட்ட பழங்குடி ஊராட்சிச் சட்டத்தின் சிறப்புரிமைகளும் கல்வராயன் மலைக்குக் கிடைக்கவில்லை. 2024-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கெடுத்தது. சாலைக்கும் பேருந்துக்கும் மருத்துவ வசதிக்கும் நீதிமன்றம் வாய் திறக்க வேண்டியிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கிச் சமவெளியை வளப்படுத்துகின்றது. அந்நன்றிக்கு ஈடாகச் சமவெளியின் பொருள் மலைக்கு ஏறுவதற்குரிய வாய்க்காலை நாம் இன்னும் செம்மையாக வெட்டவில்லை.

தேர்தல் இல்லாத ஐந்தாண்டுகள்

வருவாய்க் குறைவோடு மற்றோர் இடரும் வந்து சேர்ந்தது. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் நடைபெறவிருந்த தேர்தலின் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் நீக்கியது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் தேர்தல் நடைபெற்றது. ஆனால் மாவட்டப் பிரிவினைக்கு உள்ளான ஒன்பது மாவட்டங்களில் மறுவரையறை முடிந்த பின்னரே தேர்தல் நடத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது. புதிய மாவட்டம் பெற்ற மகிழ்ச்சியோடு, தேர்தல் தள்ளிப்போன துன்பமும் கள்ளக்குறிச்சிக்கு வாய்த்தது. ஈண்டுத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில் ஆகும்.

ஆக, ஐந்தாண்டு முழுமையும் ஊர் மக்கள் தேர்ந்த தலைவரும் இல்லை; உறுப்பினரும் இல்லை. ஓர் ஒன்றியத்தின் ஊராட்சிகள் அனைத்திற்கும் வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலராய் இருந்தார். அலுவலர் எத்துணைத் திறமையுடையவராயினும், பதினைந்து ஊராட்சிகளின் நூற்றுக்கு மேற்பட்ட தெருக்களை ஒருவர் கண்காணித்தல் எளிதன்று.

இவ்விடைவெளி பண இழப்பையும் உண்டாக்கியது. 14-ஆவது நிதி ஆணையம் முறைப்படி அமைக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கே மானியம் வழங்கப் பரிந்துரைத்திருந்தது. தேர்தல் நடைபெறாமையைக் காட்டி நடுவண் அரசு தமிழக உள்ளாட்சிகளுக்குரிய மானியத்தை நிறுத்தி வைத்தது. தவறு யாருடையதாயினும், தண்டனை பெற்றது குழாயடியில் நின்ற மக்களே. வாக்குச்சீட்டுக்கும் குடிநீருக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாக விளக்கும் சான்று வேறில்லை.

செல்வ நாட்டின் படிப்பினை

இவை ஏழை நாட்டின் இடர்கள் என்று எண்ணுவது பொருந்தாது. ரிப்பன் பிரபுவின் தாயகமாகிய பிரிட்டனிலும் இதே நோய் உண்டு. பர்மிங்காம் நகரம் உள்ளாட்சிக்கு ஒரு காலத்தில் எடுத்துக்காட்டாக விளங்கியது. 1873 முதல் 1876 வரை அதன் மேயராயிருந்த ஜோசப் சேம்பர்லின், எரிவாயு, குடிநீர் நிறுவனங்களை நகரின் உடைமையாக்கி, ஊர்ப்பொருளைக் கொண்டே ஊரை உயர்த்தினார். அதே பர்மிங்காம் மன்றம் 2023 செப்டம்பர் 5-ஆம் நாள், 1988-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு வெளியிட்டது. செலவுக்கேற்ற வரவு இல்லை. சட்டம் கட்டாயமாக்கிய பணிகளைத் தவிரப் புதிய செலவு கூடாது என்பதே அதன் பொருள். நார்த்தாம்ப்டன்ஷயர் 2018-இலும், குராய்டன் 2020-இலும், நாட்டிங்காம் 2023-இலும் இவ்வாறே அறிவித்தன.

காரணங்கள் யாவை? 2010-க்குப் பின் சிக்கன நடவடிக்கையாக நடுவண் அரசின் மானியம் குறைக்கப்பட்டது. அதே வேளையில் முதியோரையும் ஊனமுற்றோரையும் ஆதரவற்ற சிறாரையும் பேணும் சட்டக் கடமை மன்றங்களின் தலைமேல் இருந்தது; அச்செலவு ஆண்டுதோறும் பெருகியது. இங்கிலாந்தில் வீட்டுக்குரிய மன்ற வரி இன்றும் 1991-ஆம் ஆண்டின் வீட்டு மதிப்பையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. வரம்புக்கு மேல் அதனை உயர்த்த வாக்கெடுப்போ அரசின் இசைவோ வேண்டும். பர்மிங்காமில் சம ஊதிய வழக்குகளின் கடனும், புதிய கணினி முறையின் தோல்வியும் சேர்ந்துகொண்டன. பணக்குறைவோடு நிருவாகப் பிழையும் உண்டு என்பதை மறைத்தல் கூடாது.

விளைவு என்ன? 2024-இல் அந்நகரின் மன்ற வரி 9.99 விழுக்காடு உயர்ந்தது. நூலகம், இளைஞர் நலம் போன்றவற்றிற்கான நிதி வெட்டுண்டது. 2025-இல் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் தெருக்களில் குப்பை குவிந்தது.

நம் நாட்டு நகராட்சிகளிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 2008-க்குப் பின் மாற்றப்படாதிருந்த சொத்து வரி, 15-ஆவது நிதி ஆணையத்தின் நிபந்தனையை ஒட்டி 2022-இல் ஒரே முறையில் உயர்ந்தது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாய் ஏற்ற வேண்டிய சுமையை அரசியல் அச்சத்தால் தள்ளிவைத்துப் பின் மொத்தமாக ஏற்றுதல், குடிமக்களுக்குத் துன்பமே தரும்.

எனினும் இரு நாட்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. பர்மிங்காமின் கருவூலம் வெறுமையானபோது சட்டப்படி அறிவிப்பு வந்தது, உலகமே அறிந்தது. மலை ஊராட்சியின் பணம் தீர்ந்தால் எவ்வறிவிப்பும் வருவதில்லை. ஒரு விளக்கு அணைகின்றது. ஒரு மோட்டார் பழுதாகிக் கிடக்கின்றது. பெண்கள் ஊற்றுக்கு நடக்கின்றனர். அத்துணையே.

செய்யத்தக்கன

கடமையைக் கீழே தள்ளும் சட்டம், அதற்குரிய பொருளையும் உடன் அனுப்புதல் வேண்டும். மலை ஊராட்சிகளுக்குத் தலைக்கணக்கை மட்டும் நோக்காது, தொலைவையும் சிதறலையும் கணித்து நிதி வழங்குதல் முறையாகும். தேர்தல் உரிய காலத்தில் நடைபெறுதல் வேண்டும். 2021 அக்டோபரில் தேர்வானோரின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரோடு நிறைவுறுவதாகலின், பழைய இடைவெளி மீண்டும் நேராதிருத்தல் நன்று.

மக்களுக்கும் கடமை உண்டு. வசதியுள்ளோர் வீட்டு வரியைக் காலத்தே செலுத்துதல் அவற்றுள் முதலாவது. ஊராட்சியின் வரவு செலவைக் கிராம சபையில் கேட்டறிதல் இரண்டாவது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் தமிழகத்தில் கிராம சபை கூடும் முறை வந்தது. பொருளியலும் வணிகவியலும் பயிலும் மாணவர்கள் ஆண்டில் ஒருமுறையேனும் தம் ஊர்ச் சபையில் அமர்ந்து, வரவு எவ்வளவு, மின் கட்டணம் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று கேட்பாராயின், அதனினும் சிறந்த செய்முறைப் பாடம் பிறிதில்லை.

முடிவுரை

தெருவிளக்கு எரியாதபோது ஊராட்சித் தலைவரைக் கேட்போம்; அது நம் உரிமை. அதனோடு நில்லாது, அவர் கையில் எவ்வளவு தரப்பட்டது, ஏன் அவ்வளவே தரப்பட்டது என்றும் கேட்போம். உத்திரமேரூர்ப் பெரியோர் கணக்குக் காட்டாதவரைக் குடத்தின் அருகிலும் விடவில்லை. இன்று கணக்குக் காட்டவேண்டியவர் ஊரில் மட்டுமல்லர். மாநிலத் தலைநகரிலும் நாட்டின் தலைநகரிலும் இருக்கின்றனர். அவர்களையும் கேட்கும் அறிவும் துணிவும் நம் இளைஞரிடத்தே வளருமாயின், வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள கடைசிக் குக்கிராமத்தின் விளக்கும் எரியும்.