பழனிமலையில் ஓர் அமெரிக்க ஊர்

மலைவாசஸ்தலம் என்றாலே, ஆங்கிலேயர் கோடை வெயிலுக்கு அஞ்சித் தமக்கென அமைத்துக்கொண்ட ஊர் என்று எண்ணுவது நம்மிடையே வழக்கம். உதகமண்டலத்துக்கும் சிம்லாவுக்கும் அது பொருந்தும். ஆனால் பழனிமலைத் தொடரில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலைத் தோற்றுவித்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களும் அதிகாரிகளோ வியாபாரிகளோ அல்லர், மதுரையில் ஊழியம் செய்துவந்த பாதிரிமார்.

யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்களில் பலர், வந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியாயினர். மனைவியரையும் குழந்தைகளையும் ஒருவர் பின் ஒருவராக இந்த மண்ணில் புதைத்துவிட்டு, ஊழியத்தையும் விடமுடியாமல், உயிரையும் காக்க வகை தெரியாமல் அவர்கள் தவித்தனர். முதலில் சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கும் அவர்களை விடவில்லை. பிறகுதான், 1821-இல் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி அளந்து சென்றிருந்த இந்த உயரமான மேட்டுநிலத்தை நாடி வந்து, 1845-இல் சன்னிசைட், ஷெல்டன் என்னும் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். உல்லாசத்துக்காக அன்றி, உயிர் பிழைப்பதற்காகவே எழுந்த ஊர் இது.

அந்நாளில் மேலே ஏறுவது எத்தகைய பிரயாணம் என்பதை இன்று பஸ்ஸில் போகிறவர்கள் உணர்வது கடினம். மதுரையிலிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்துக்கு வந்து, கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் தங்கி, அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் செண்பகனூர் வழியாக ஏறவேண்டும். நடக்க இயலாத துரைசானிகளும் குழந்தைகளும் நோயாளிகளும் டோலியில் போனார்கள். மூங்கில் கழிகளில் நாற்காலியைக் கட்டி, ஆட்கள் தோள்மாற்றித் தோள்மாற்றிச் சுமந்து, வெயிலில் தொடங்கிப் பனியில் முடியும் அந்த ஏற்றத்தை ஏறி முடிப்பார்கள். படுக்கையும் பாத்திரமும் வீட்டுச் சாமான்களும் தலைச்சுமையாகவே போயின. வத்தலக்குண்டிலிருந்து மேஜர் லா அமைத்த மலைப்பாதை மோட்டார் போகும் நிலையை அடைவதற்கு இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்து வரவேண்டியிருந்தது. அதுவரை இந்த நகரம் முழுவதும் மனிதத் தோள்களில் ஏறி வந்தது என்று சொன்னால் மிகையாகாது. முதல் வீடுகளின் பெயர்களை அக்கறையோடு காத்துவைத்த சரித்திரம், அவற்றுக்குச் சாமான் சுமந்தவர்களின் பெயர்களையும் காத்திருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு உண்டு.

ஊரின் ஏரியை 1863-இல் உண்டாக்கியவர் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச்; தூத்துக்குடியிலிருந்து படகு வருவித்தவரும் அவரே. சூரியனை ஆராயும் வானிலையம் 1901-இல் வேலை தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் என்ற வானசாஸ்திரி கண்டறிந்தது இங்கேதான். உலக வானசாஸ்திரத்தில் இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

அமெரிக்கர் விட்டுச்சென்றவற்றுள் மிகச் சிறந்தது பள்ளிக்கூடம் என்பேன். பாதிரிமாரின் பிள்ளைகள் படிப்புக்காகக் கடல் கடந்து தாய்நாடு போய், பெற்றோரை ஆண்டுக்கணக்கில் காணாமலே வளரவேண்டியிருந்த துயரத்தைத் தீர்ப்பதற்காக 1901-இல் தொடங்கப்பட்ட இதன் முதல் தலைமையை ஏற்றவர் மார்கரெட் எடி என்ற அம்மையார். அமெரிக்கப் பாடத்திட்டத்தோடு நடந்த அந்தப் பள்ளி பிற்காலத்தில் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து, கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி என்ற பெயரோடு ஏரிக்கு அருகே விளங்குகிறது.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இந்த நகரத்தில் வசிப்பவர் 36,501 பேர். சீசனில் வந்து நெரிகின்ற கூட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கை வியப்பளிக்கும். நகரத்துக்கு வெளியே, அதனினும் பழமையான கிராமங்கள் இருக்கின்றன. காடுகளில் பளியர் அதற்கும் முன்பிருந்தே வாழ்ந்து வருகின்றனர். குழந்தை வேலப்பர் கோயில் கொண்டிருக்கும் பூம்பாறையில் படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டு விளைகிறது. அறுத்த பூண்டைக் கற்றை கற்றையாகக் கட்டி வீட்டுக்குள் தொங்கவிட்டு, அடுப்புப் புகை படும்படி வைத்துப் பாதுகாக்கிறார்கள். அதனால் அது நெடுநாள் கெடாமலிருக்கிறது. வடுகபட்டிச் சந்தையில் நல்ல பெயர் பெற்ற இந்த மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நியூயார்க் மாகாணத்தில் வாட்டர்டவுன் என்ற சிறுநகரில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை, எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவரப்பட்டது. பாண்ட்ஸ் கம்பெனி தொடங்கிய அது 1987-இல் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. நிலையான வேலை அரிதாயிருந்த ஊரில் அதை ஒரு வரமாகவே இளைஞர்கள் கருதினார்கள். 2001-இல் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பகுதியின் பழைய சாமான் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டபோது, ஆலையின் பாதரசக் கழிவு வெளியே போன விஷயம் தெரியவந்து, ஆலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவின் ஒரு பகுதி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உடல் கெட்டது என்று தொழிலாளர் முறையிட்டனர், கம்பெனி மறுத்தது. பதினைந்து ஆண்டுகள் விடாமல் போராடிய பின், 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கை ஏற்பட்டது.

ஆலை நிலத்தில் பாதரசம் கலந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்யவேண்டும் என்ற வழக்கு அதன் பின்னும் நீண்டது. மேனாட்டுக் குடியிருப்பு நிலத்தில் அனுமதிக்காத பாதரசத்தை இங்கே விட்டுவைக்கலாகாது என்பது ஊரார் கட்சி. அது முற்றிலும் நியாயமான கட்சி என்றே கருதுகிறேன். ஆலையை அடுத்திருப்பது பாம்பாற்றுச் சோலை. அதில் ஊறும் நீர் கும்பக்கரையில் அருவியாய் விழுந்து, பெரியகுளத்து வயல்களை நோக்கிப் போகிறது.