வலி போயிடுச்சு, விளையாடலாமா? மூட்டு ஜவ்வுக் காயத்திலிருந்து மீளும் பிள்ளையின் காலைச் சோதிப்பது எப்படி

செய்யூர், சூனாம்பேடு, கடப்பாக்கம் என எந்த ஊர்ப் பள்ளி மைதானமானாலும் சாயங்காலம் கபடியோ கால்பந்தோ நடக்கும். ஓடி வந்த பிள்ளை சட்டென்று திரும்பும்போது அல்லது குதித்துத் தப்பாகக் கால் ஊன்றும்போது முட்டிக்குள் 'டொக்'குனு ஒரு சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் முட்டி வீங்கிவிடும். ஸ்கேன் பார்த்த பிறகு மருத்துவர், "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்பார்.

நாம் ஜவ்வு என்று சொல்வது எலும்பையும் எலும்பையும் இணைக்கும் தசைநாரை. முட்டிக்குள் குறுக்காக இருக்கும் முன்பக்கத் தசைநார்தான் விளையாட்டில் அதிகம் கிழிகிறது. மருத்துவர்கள் இதை ஏ.சி.எல். என்பார்கள். சில பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்வார்கள். சிலருக்குப் பயிற்சியும் முட்டிப் பட்டையும் போதும் என்பார்கள். பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு இருப்பதால், இதை எலும்பு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்த சிகிச்சையாக இருந்தாலும், சில மாதம் கழித்து எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான் வரும்: "வலியே இல்லைங்கறான். குறுவட்டப் போட்டி வேற வருது. அனுப்பலாமா?"

வலி இல்லை என்பதை மட்டும் வைத்து அனுப்பாதீங்க. கால் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதைச் சோதித்து அளந்த பிறகே முடிவு செய்யணும். அவசரப்பட்டு இறங்கினால் அதே ஜவ்வு மறுபடி கிழியலாம், நல்ல காலின் ஜவ்வும் கிழியலாம். முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்தால், பிள்ளை வளர்ந்த பிறகும் வலி தொடரும்.

என்னென்ன சோதிப்பார்கள்?

1. வீக்கமும் அசைவும். முட்டியில் வீக்கம் இருக்கிறதா, நல்ல கால் அளவுக்கு முழுசா நீட்ட முடிகிறதா, மடக்க முடிகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். இது சரியாகாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

2. தொடைத் தசை. காயத்துக்குப் பிறகு தொடையின் முன்பக்கத் தசை வேகமாக மெலியும். இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில் டேப் வைத்து அளந்து பார்ப்பார்கள். சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் பலம் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒற்றைக் காலில் நிற்பது, ஒற்றைக் காலால் நாற்காலியிலிருந்து எழுவது போன்றவற்றையும் செய்யச் சொல்வார்கள்.

3. நொண்டிச் சோதனை. நம் பிள்ளைகள் விளையாடும் நொண்டிதான் இது. ஒற்றைக் காலில் ஒரு தாவு எவ்வளவு தூரம், தொடர்ந்து மூன்று தாவு எவ்வளவு தூரம், கோட்டுக்கு இருபுறமும் மாறி மாறித் தாவினால் எவ்வளவு தூரம், 6 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் என்று இரண்டு காலுக்கும் தனித்தனியாக அளப்பார்கள்.

தூரத்துக்கான கணக்கு எளிது. அடிபட்ட கால் தாவிய தூரத்தை நல்ல கால் தாவிய தூரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். நல்ல கால் 120 செ.மீ., அடிபட்ட கால் 96 செ.மீ. தாவினால் 80 சதவீதம். பொதுவாக 90 சதவீதமாவது வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்.

4. கேள்வித்தாள். 10 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்றே எளிய மொழியில் அமைந்த, பீடி-ஐ.கே.டி.சி. என்ற மதிப்பெண் முறை உண்டு. படி ஏறுவது, குந்துவது, ஓடுவது பற்றிய கேள்விகள் இருக்கும். மொத்தம் 100 மதிப்பெண். பதிலைப் பிள்ளையே சொல்லட்டும், நீங்க குறுக்கே சொல்லாதீங்க. விளையாடும் ஆசையில் வலியை மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. "தாவும்போது பயமா இருக்கா?" என்று தனியாகக் கேட்டுப் பாருங்க. பயம் இருந்தால் அதையும் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்க.

நல்ல காலும் ஏமாற்றும்

பல மாதம் ஓட்டம் இல்லாததால் நல்ல காலும் பலம் குறைந்திருக்கும். முன்பு 120 செ.மீ. தாவிய நல்ல கால் இப்போது 100 செ.மீ. மட்டுமே தாவுகிறது, அடிபட்ட கால் 90 செ.மீ. தாவுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 90 சதவீதம் வந்துவிடும். ஆனால் பழைய அளவோடு ஒப்பிட்டால் 75 சதவீதம்தான். அதனால் அறுவை சிகிச்சைக்கு முன்பே நல்ல காலின் அளவைக் குறித்து வைக்கும்படி கேளுங்க. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்க.

தூரம் மட்டும் போதாது, கால் ஊன்றும் விதமும் முக்கியம். தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா, உடல் ஆடுகிறதா என்று மருத்துவக் குழு கவனிக்கும். சோதனையின்போது அனுமதி கேட்டு செல்போனில் வீடியோ எடுத்து வைத்தால், அடுத்த முறை ஒப்பிட உதவும்.

எத்தனை மாதம் பொறுக்கணும்?

அறுவை சிகிச்சையில் வைத்த புதிய தசைநார் உள்ளே உறுதிப்பட நீண்ட காலம் ஆகும். 2018-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டிய நிபுணர் குழு, பிள்ளைகள் அறுவை சிகிச்சைக்குப் பின் குறைந்தது 12 மாதம் கழித்தே போட்டி விளையாட்டுக்குத் திரும்புவது நல்லது என்று பரிந்துரைத்தது. 12 மாதம் முடிந்தாலே போதும் என்று நினைக்காதீங்க, சோதனைகளிலும் தேற வேண்டும். ஒரு வருடப் போட்டி போனால் அடுத்த வருடம் வரும். முட்டி அப்படியில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• பிசியோதெரபிஸ்ட் அனுமதிக்கும் முன் வீட்டில் நொண்டியடிக்க வைத்துச் சோதிக்காதீங்க.
• சொல்லிக் கொடுத்த பயிற்சியை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வாங்க.
• விளையாட்டு வகுப்பில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுங்க.
• முட்டி திடீரென வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நழுவுவது போல் இருந்தாலோ, கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்க.

அரசு சேவைகளை எங்கே பெறலாம்?

முதலில் செய்யூர் அல்லது மதுராந்தகம் அரசு மருத்துவமனையில் காட்டலாம். எலும்பு சிகிச்சைப் பிரிவும் பிசியோதெரபியும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ளன. போகும்போது பழைய ஸ்கேன், சீட்டு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்க.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிசியோதெரபி தரும் சேவையும் உண்டு. அடிக்கடி பஸ் ஏறி வர முடியாதவர்கள், தங்கள் பிள்ளைக்கு இது கிடைக்குமா என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தை அணுகலாம். உங்கள் பிள்ளைக்குச் சொல்லியிருக்கும் சிகிச்சை திட்டத்தில் வருமா என்று முன்கூட்டியே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளுங்க. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, "எப்போ விளையாடலாம்?" என்பதோடு நிறுத்தாமல், "இரண்டு காலையும் அளந்தீங்களா, எவ்வளவு வந்தது?" என்றும் கேளுங்க. அந்த அளவை நோட்டில் எழுதி வாங்கி வாங்க.