பழைய இயந்திரத்தில் எண்ணெய் விரைவிற் கறுப்பது ஏன்?

பெரும்போக உழவு தொடங்குமுன் கமக்காரர் தமது உழவு இயந்திரத்திலுள்ள பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் வார்க்கிறார். இரண்டு நாள் உழுதபின் அளவுகோலை இழுத்துப் பார்க்கும்பொழுது, தேன் நிறத்தில் ஊற்றிய எண்ணெய் மைபோலக் கறுத்திருக்கிறது. இதனைக் கண்டவுடன் சிலர், கடைக்காரர் கலப்பட எண்ணெயைத் தந்துவிட்டார் என எண்ணி, நல்ல எண்ணெயை வீணே வடித்துக் கொட்டுகின்றனர். வேறு சிலரோ, எப்படியும் கறுக்கப்போகும் எண்ணெயை மாற்றுவதாற் பயன் யாது எனக் கருதி, ஒரே எண்ணெயுடன் போகம் முழுவதும் உழுது முடிக்கின்றனர். முதலாவது தவறினாற் சில லீற்றர் எண்ணெயின் விலையே நட்டமாகும். இரண்டாவது தவறினால் உழவின் நடுவே இயந்திரம் இறுகி நின்றுவிடவும், விதைப்புக் காலம் தவறிவிடவும் கூடும்.

இவ்விரு தவறுகளும் ஒரே காரணத்தினால் எழுவனவாம். எண்ணெயின் நிறத்தை மாத்திரம் கொண்டு அதன் நலத்தை அளப்பதே அக்காரணம். நிறம் ஏன் மாறுகிறது என்பதையும், நிறத்தை விடுத்து எவற்றைக் கவனித்தல் வேண்டும் என்பதையும் இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது. நான்கு சக்கர உழவு இயந்திரம், லான்ட்மாஸ்டர் என மக்கள் வழங்கும் இரு சக்கர உழவு இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், வீட்டிலுள்ள பழைய மோட்டார்க் கார் ஆகிய யாவற்றுக்கும் இது பொருந்தும்.

எண்ணெய் செய்யும் வேலை

உலோகம் உலோகத்தோடு உராயாமற் காப்பதே எண்ணெயின் முதல் வேலை என்பது யாவரும் அறிந்ததே. அதனோடு வேறு மூன்று வேலைகளும் அதற்கு உண்டு. வெப்பமுற்ற பாகங்களிலிருந்து வெப்பத்தை அது எடுத்துச் செல்கின்றது. பிஸ்டன் வளையங்களுக்கும் உருளைச் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய வெளியை அடைக்கின்றது. நான்காவதாக, இயந்திரத்தினுள் உண்டாகும் கரியையும் அழுக்கையும் கழுவித் தன்னுள் ஏந்திக்கொள்கின்றது.

இந்நான்காவது வேலையை முற்கால எண்ணெய்கள் நன்கு செய்யவில்லை. 1930 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் டீசல் உழவு இயந்திரங்கள் பரவத் தொடங்கியபோது, பிஸ்டன் வளையங்களைச் சுற்றிக் கரி படிந்து, அவை தம் பள்ளங்களில் ஒட்டிக்கொண்டன. இக்குறையைப் போக்குவதற்காகவே அப்பத்தாண்டின் நடுப்பகுதியிற் கழுவும் இயல்புடைய சேர்க்கைப் பொருள்கள் எண்ணெயிற் கலக்கப்பட்டன. இக்காலத்து எண்ணெய்களில் இருவகைச் சேர்க்கைகள் உள்ளன. ஒருவகை உலோகத்திற் படியும் அழுக்கைக் கழுவுவதுடன் அமிலத்தையும் முறிக்கும். மற்றது கரித்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகாமல் அவற்றைத் தனித்தனியே மிதக்கவைக்கும்.

சேறு படிந்த சாரத்தைச் சவர்க்காரமிட்டுத் துவைக்கும்போது நீர் கலங்குகின்றது. நீர் கலங்குவது கண்டு சவர்க்காரம் கெட்டது என எவரும் கூறுவதில்லை. சாரத்திலிருந்த அழுக்கு நீருக்கு வந்துவிட்டது என்றே கொள்வர். எண்ணெய் கறுப்பதும் இத்தகையதே. கறுக்கவேண்டிய இயந்திரத்தில் எண்ணெய் நெடுநாள் கறுக்காமலே இருக்குமாயின், கரி உள்ளே படிந்து தங்குகின்றதோ என ஐயுற இடமுண்டு.

கறுப்பு நிறம் வரும் வழி

டீசல் இயந்திரத்தில் எரிபொருள் வெப்பமான காற்றினுட் சிறு துளிகளாக விசிறப்படுகின்றது. துளிகளைச் சூழ்ந்த இடத்திற் காற்றுப் போதாமையினால் அதன் ஒரு பகுதி முற்றாக எரியாது கரியாகின்றது. திரியை மிகைப்படத் தூண்டிய விளக்கின் சிமிலி கறுப்பதும் இவ்வாறே. இக்கரியிற் பெரும்பகுதி புகையோடு வெளியேறுகின்றது; ஒரு சிறுபகுதி உருளைச் சுவரிலுள்ள எண்ணெயிற் படிந்தும், வளையங்களைக் கடந்து கசியும் வாயுவுடன் சேர்ந்தும் கீழே எண்ணெய்த் தொட்டியை அடைகின்றது.

இக்கரித்துகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.02 முதல் 0.05 மைக்கிரோன் வரை பருமனுடையது. மனிதரின் தலைமயிரின் தடிப்போ 70 மைக்கிரோன் அளவாகும். எண்ணெய் வடிகட்டி பெரும்பாலும் 10 மைக்கிரோனுக்கு மேற்பட்ட துகள்களையே செவ்வையாகத் தடுக்கும். ஆகவே, புதிய வடிகட்டியைப் பூட்டினாலும் எண்ணெயின் கறுப்பு நீங்காது. மிக நுண்ணியனவாகிய இத்துகள்கள் தனித்தனியே மிதக்கும் வரையிற் பெருந்தீங்கு செய்வதில்லை. ஆயினும், சிறிதளவு கரியே பெருமளவு எண்ணெயைக் கறுப்பாக்கப் போதுமானது. இதனாலேயே டீசல் இயந்திரத்திற் புதிய எண்ணெய் ஒரு சில மணித்தியாலங்களிலேயே நிறம் மாறிவிடுகின்றது. பெற்றோல் இயந்திரத்திற் கரி குறைவாதலின் இம்மாற்றம் மெதுவாக நிகழும்.

பழைய இயந்திரத்தில் இது விரைவாக நிகழக் காரணங்கள்

1. வளையங்களின் தேய்வு. பல போகங்கள் உழைத்த இயந்திரத்திற் பிஸ்டன் வளையங்களும் உருளைச் சுவரும் தேய்ந்திருக்கும். இடைவெளி பெரிதாகும்போது எரிந்த வாயு கூடுதலாகக் கீழே கசியும். அதனோடு கரியும் ஈரமும் அமிலமும் எண்ணெயை வந்தடையும். முதன்மையான காரணம் இதுவே.

2. எஞ்சிய பழைய எண்ணெய். எவ்வளவு வடித்தாலும் குழாய்களிலும் மூலைகளிலும் பழைய எண்ணெய் சிறிது தங்கிவிடும். எடுத்துக்காட்டாக, 2½ லீற்றர் கொள்ளும் தொட்டியில் ¼ லீற்றர் பழைய எண்ணெய் தங்குமாயின், புதிய எண்ணெய் தொடக்கத்திலேயே பத்திலொரு பங்கு கரியெண்ணெயுடன் கலந்துவிடுகின்றது. வடிகட்டியை மாற்றாதுவிடின் இப்பங்கு மேலும் கூடும்.

3. நாட்பட்ட படிவுகள். முன்னர் நெடுங்காலம் எண்ணெய் மாற்றாது ஓடிய இயந்திரத்தின் உட்சுவர்களிற் கருநிறப் பசைபோன்ற படிவு இருக்கும். புதிய எண்ணெய் அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுக்கும். இத்தகைய இயந்திரத்தில் முதல் முறை வார்த்த எண்ணெயைக் குறித்த காலத்தின் பாதியிலேயே மாற்றிவிடுதல் நன்று.

4. காற்றும் எரிபொருளும் ஒவ்வாமை. நெற்பதரும் புழுதியும் அடைத்த காற்று வடிகட்டியாற் போதிய காற்று உட்செல்லாது. எரிபொருளை விசிறும் நொசில் தேய்ந்திருப்பின் துளிகள் பெரியனவாக விழும். இரண்டினாலும் கரி மிகும். புகைக்குழாயிலிருந்து கரும்புகை தொடர்ந்து எழுவது இதன் அடையாளமாகும்.

5. சுவாசக் குழாய் அடைபடுதல். கீழே கசிந்த வாயு வெளியேறுவதற்கென ஒரு குழாய் உண்டு. அது அடைபட்டால் வாயு உள்ளேயே தங்கி எண்ணெயைக் கெடுப்பதுடன், எண்ணெய் முத்திரைகளின் வழியே எண்ணெய் ஒழுகவும் ஏதுவாகும்.

6. மிகுந்த வெப்பம். எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து தானும் பழுப்பாகித் தடிக்கும். வெப்பநிலை 10 பாகை செல்சியசு கூடுந்தோறும் இம்மாற்றம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவிதி. வைக்கோலும் சேறும் அடைத்த குளிராக்கியுடன் நண்பகலில் உழும் இயந்திரத்தில் எண்ணெய் விரைவில் முதிர்ந்துவிடும்.

நிறத்தை விடுத்துக் கவனிக்க வேண்டியவை

கறுத்த எண்ணெய் யாவும் நல்லது என்பதும் பொருளன்று. கழுவும் சேர்க்கைகள் அளவுக்குட்பட்டவை; அவை தீர்ந்தபின் கரித்துகள்கள் திரண்டு எண்ணெயைத் தடிக்கச் செய்யும்; டீசலிலுள்ள கந்தகம் எரிவதால் உண்டாகும் அமிலம் முறிக்கப்படாது உலோகத்தை அரிக்கும். இந்நிலையைக் கண்ணால் நிறத்தைக் கொண்டு பிரித்தறிய இயலாது. பின்வரும் அறிகுறிகளே வழிகாட்டுவன.

பால்கலந்த தேநீர் போன்ற நிறம்: எண்ணெயில் நீர் கலந்துள்ளது. சேற்றுழவின்போது நீர் புகுந்திருக்கலாம். அல்லது உருளைத் தலையின் அடைப்புத் தகடு பழுதாகியிருக்கலாம். இயந்திரத்தை ஓட்டாது உடனே திருத்துநரிடம் காட்டுதல் வேண்டும்.

எண்ணெய் மட்டம் உயர்தல்: எண்ணெய் வார்க்காமலே மட்டம் உயருமாயின் நீரோ எரிபொருளோ இறங்குகின்றது. இது கறுப்பு நிறத்தினும் பன்மடங்கு ஆபத்தானது.

எரிபொருள் மணமும் நீர்த்தன்மையும்: விரல்களுக்கிடையே தேய்க்கும்போது எண்ணெய் வழவழப்பின்றி நீராக இருந்து, மண்ணெண்ணெய் அல்லது டீசல் மணம் வீசுமாயின் அது நீர்த்துவிட்டது. மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்களில் இது பெரிதும் காணப்படும். பெற்றோலிற் கிளப்பி, இயந்திரம் நன்கு சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் எரியாத மண்ணெண்ணெய் எண்ணெயிற் கலக்கும். எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 1990 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திற் பழைய மோட்டார்க் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றுக்கும் இவ்விதியே பொருந்தியது. இக்காலத்தும் சந்தைக்கு மாத்திரம் சிறுதூரம் ஓடும் பழைய காரில், இயந்திரம் முழுதும் சூடேறாமையால் ஈரமும் பெற்றோலும் எண்ணெயில் தங்கும்.

நறநறத்தல்: விரலிடையே மணல்போல் உணரப்படின் புழுதி புகுந்துள்ளது. காற்று வடிகட்டியையும் அதன் இணைப்புக் குழாயையும் உடனே சோதித்தல் வேண்டும்.

மையொற்றுத் தாட் சோதனை: ஓடி நிறுத்திய இயந்திரத்தின் அளவுகோலிலிருந்து ஒரு துளியை மையொற்றுத் தாளில் விட்டு, தாளின் அடியில் எதுவும் படாதவாறு ஓர் இரவு வைக்க. கறை நடுவிலிருந்து விளிம்புவரை சாம்பல் நிறமாகப் படிப்படியே பரந்திருந்தால் எண்ணெய் இன்னும் கரியை ஏந்தி நிற்கின்றது. நடுவிற் கரும்பொட்டாகக் கரி திரண்டு நிற்க, அதனைச் சூழத் தெளிந்த எண்ணெய் மாத்திரம் பரந்திருந்தால் எண்ணெயின் ஆற்றல் தீர்ந்தது, தாமதியாது மாற்றவேண்டும்.

மாற்றும் காலமும் முறையும்

எண்ணெய் மாற்றுவதற்கு உரிய அளவு, இயந்திரம் ஓடிய மணித்தியாலங்களே. இயந்திரத்துடன் வந்த கைந்நூல் கூறுவதே முடிவானது. பொதுவாக இரு சக்கர உழவு இயந்திரத்துக்கும் சிறிய நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் 100 மணித்தியாலத்துக்கு ஒரு முறையும், நான்கு சக்கர உழவு இயந்திரங்கள் பலவற்றுக்கு 200 முதல் 250 மணித்தியாலத்துக்கு ஒரு முறையும் கூறப்படும். நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் உழும் லான்ட்மாஸ்டர் 13 நாட்களுள் 100 மணித்தியாலத்தைக் கடந்துவிடும் என்பதைக் கமக்காரர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். மணி காட்டும் கருவி இல்லாத இயந்திரத்துக்கு, அன்றன்று ஓடிய நேரத்தை நாட்காட்டியிற் குறித்து வருதல் எளிய வழியாகும். வளையம் தேய்ந்த இயந்திரத்துக்கு இக்காலத்தைச் சிறிது குறைத்தல் நன்று. கூட்டுதல் ஒருபோதும் தகாது.

மாற்றும்போது இயந்திரத்தைச் சில நிமிடம் ஓட்டி, எண்ணெய் இளஞ்சூடாக இருக்கையிற் சமதரையில் நிறுத்தி வடித்தல் வேண்டும். சூடான எண்ணெயோடு மிதக்கும் கரியும் வெளியேறும். ஆறிய எண்ணெயை வடித்தால் அது அடியில் தங்கிவிடும். வடிகட்டியையும் உடன் மாற்றுக; கம்பிவலை மாத்திரம் உள்ள இயந்திரமாயின் அதனைக் கழற்றிக் கழுவித் துடைக்க. மண்ணெண்ணெயை ஊற்றி இயந்திரத்தை ஓட்டிக் கழுவும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். அது தாங்கிகளை எண்ணெயின்றித் தேயச் செய்வதுடன், பெயர்ந்த படிவுகள் எண்ணெய் வழிகளை அடைக்கவும் காரணமாகும். கைந்நூலிற் கூறிய தடிப்புடைய எண்ணெயை மேற்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையே நிற்குமாறு வார்க்க. பழைய இயந்திரம் எண்ணெயை எரிக்கவும் செய்யுமாதலின் ஒவ்வொரு நாட் காலையிலும் மட்டத்தைப் பார்த்தல் இன்றியமையாதது.

கழிவெண்ணெய்

வடித்த எண்ணெயை வயலோரத்திலோ கிணற்றடியிலோ ஊற்றலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கல் வெடிப்புகளும் துவாரங்களும் உடையது; மேலே ஊற்றியது விரைவிற் கிணற்றை அடையும். சுன்னாகம் பகுதியிற் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்கப்பட்டது. ஒருமுறை மாசுற்ற கிணற்றைத் தூய்மையாக்குதல் எளிதன்று. கால்நடைகளின் புண்ணுக்குக் கழிவெண்ணெய் தடவுவதும் தீங்கானது. அதிலுள்ள எரிபொருட் கரிப்பொருள்கள் தோலுக்குக் கேடு செய்வன. நெடுங்காலம் படுமாயிற் புற்றுநோய்க்கும் ஏதுவாகலாம். ஆகவே கையிற் பட்டதைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். கழிவெண்ணெயை மூடியுள்ள கலத்திற் சேர்த்து, அதனை ஏற்கும் வாகனத் திருத்தகத்திடம் ஒப்படைத்தலே முறையாகும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

எண்ணெய் கறுப்பது பெரும்பாலும் அது கரியைக் கழுவி ஏந்துவதன் அடையாளம்.

கறுப்பு முன்னையிலும் மிக விரைவாக வருமாயின், எண்ணெயைக் குறைகூறுமுன் வளையம், காற்று வடிகட்டி, நொசில், சுவாசக் குழாய் என்பவற்றைச் சோதிக்க.

நிறம் எதுவாயினும், குறித்த மணித்தியாலம் நிறைந்ததும் எண்ணெயை மாற்றுக.

பால்நிறம், உயரும் மட்டம், எரிபொருள் மணம், நறநறப்பு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் இயந்திரத்தை நிறுத்துக.

உழவுக்கு முன்னர் செலவிடும் ஒரு மணித்தியாலம், உழவின் நடுவே ஒரு வாரத்தை மீட்டுத் தரும்.